எம்.எட். படிக்க எத்தனை பேர் வேண்டும்?

பி.எட். சிறப்புக் கல்வி முடித்து, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நான், அதிலேயே எம்.எட். சேரப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம். பெண் பார்க்கப் போவதுபோல் குடும்பமே கிளம்பிவிட்டது.

இந்தப் படிப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம். அது இல்லாவிட்டால் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது போதவில்லை. “அரசு வேலை கிடைக்குமா?” என்றார். “தபாலில் படிக்க முடியாதா?” என்றார் அத்தை. செய்முறைப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தபாலில் அனுப்ப மாட்டார்களே!

அடுத்தது, எந்தக் குறைபாட்டைச் சிறப்புப் பாடமாக எடுப்பது? 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைதான் இருந்தன, 2016 சட்டத்தில் 21 ஆகிவிட்டன என்று விளக்க ஆரம்பித்தேன். “அதில் எதுக்கு டிமாண்ட் அதிகம்?” என்று இடைமறித்தார் சித்தப்பா. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது என்றேன். “படகு விடவா, படிக்கவா?” என்றார்.

என் கவலை வேறு. ஏழாம் வகுப்புப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. என் செல்போன் பூட்டை மட்டும் நொடியில் திறப்பான். அவனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். இவனுக்கு வாசிக்கச் சொல்லித்தர என்ன பயிற்சி தருவீர்கள் என்று ஒரு கல்லூரியில் கேட்டேன். “ஃபீஸை மூணு தவணையில் கட்டலாம் மேடம்” என்றார்கள். இன்னொரு கல்லூரியில் பேராசிரியர், “அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும்?” என்று திருப்பிக் கேட்டார். அங்கேயே விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

சேர்ந்ததும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் பலம், இடர்ப்பாடு, இலக்கு எல்லாவற்றையும் பார்த்து எழுதுவது அது. பெயரை மறைத்துச் சித்தப்பாவுக்கே எழுதினேன். பலம்: எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். இடர்ப்பாடு: கேள்வி முடிவதற்குள் சொல்லிவிடுவார். இந்தப் பருவத்து இலக்கு: ஐந்து முறைக்கு மூன்று முறையாவது, அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருத்தல்.

பேராசிரியர் சிவப்பு மையில் திருத்தியிருந்தார்: “எட்டக்கூடிய இலக்காக வையுங்கள். ஐந்துக்கு ஒன்று போதும்.”