மாமியார் ஏறினால் உறுமும் கார்

என் மாமியார் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் என் கார் உறுமும். மனைவி மட்டும் ஏறினால் முனகும். நான் தனியாகப் போனால் கோயில் மாடு மாதிரி சாதுவாகப் போகும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அத்தையின் எடையைப் பற்றிப் பேசியதாகிவிடும். இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கார் கன்சில். 660 சிசி, மூன்று சிலிண்டர், 1994இல் சாலைக்கு வந்த ரகம். 2009இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கன்சில் என்றால் மலாயில் சருகுமான். முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகு மேலேயே ஆற்றைத் தாண்டிய கெட்டிக்காரப் பிராணி என்று மலாய்க் கதைகள் சொல்லும். என்னுடையது கையால் கியர் போடும் வண்டி. ஆட்டோ கியர் வைத்திருக்கும் மச்சான்களைப் பார்த்தால், “அது காரா? படுத்துக்கொண்டு போகிற லிஃப்ட்!” என்பேன். அந்த வாய்க்குத்தான் ஆப்பு காத்திருந்தது.

நாங்கள் இருப்பது அம்பாங். அணை என்னும் பொருளுள்ள மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஈயம் தோண்ட வந்தவர்கள் அந்தக் காலத்தில் இங்கே தண்ணீரைத் தேக்கினார்கள். இப்போது நாங்கள் கார்களைத் தேக்குகிறோம். சாயங்காலம் எம்ஆர்ஆர்2 சாலையில் வண்டி ஓடாது, தவழும். மிதி, விடு, மிதி, விடு. எப்படியும் அடுத்த நிமிடம் மிதிக்கத்தானே போகிறோம் என்று என் இடது காலை கிளட்ச் பெடல் மேலேயே குடிவைத்துவிட்டேன். இதைச் சிக்கனம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலு லங்காட்டில் அத்தையின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். முன்னால் அத்தை, பின்னால் மனைவியும் மகனும், அவர்களுக்குப் பின்னால் ஒரு கூடை டுரியான். அம்பாங் மலைச் சாலையில் வளைந்து வளைந்து ஏறுகிறோம். எண்ணெயை மிதித்தேன். சத்தம் நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எழும்பியது. வண்டி நாற்பதை விட்டு நகரவில்லை.

“வண்டி ஏன் கத்துது மாப்பிள்ளை?”

“மேடு, அத்தை.”

“மேடு கத்தாதே.”

பின்னாலிருந்து மனைவி: “என்னங்க, ஏதோ தீயுற வாடை.”

“டுரியான்.”

“டுரியானைப் பொறந்ததுலேர்ந்து சாப்பிடுறேன். இது டுரியான் இல்ல.”

“அப்போ முன்னால போற லோரியா இருக்கும்.”

முன்னால் லோரியே இல்லை. அடுத்த வளைவிலாவது ஒன்றைக் காட்டு முருகா என்று வேண்டிக்கொண்டேன். பத்துமலை அவ்வளவு தூரமில்லை. இருந்தும் லோரி வரவில்லை.

மேலே போய் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் கோலாலம்பூர் முழுக்க விளக்காகத் தெரியும். எல்லாரும் இரட்டைக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் என் காரின் மூக்கருகே குனிந்து மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய பேப்பரையும் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்தின வாடை.

மறுநாள் ஃபோர்மனிடம் போனேன். மருமகன் ஏமாந்துவிடக் கூடாது என்று அத்தையும் கூட வந்தார். ஃபோர்மன் வயதான சீனர். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சமதளத்தில், முன்னால் ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தினார். கைபிரேக்கை இழுத்தார், நாலாவது கியர் போட்டார், லேசாக எண்ணெய் கொடுத்து கிளட்சை மெல்ல விட்டார். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. பரவாயில்லை, பிடிவாதக்காரன், சாகவில்லையே என்று.

அவர் இறங்கி வந்து தலையாட்டினார். “பாஸ், கிளட்ச் சுடா ஹாபிஸ்.” மலாயில் அதற்கு ‘முடிந்துவிட்டது’ என்று பொருள். தமிழ்க் காதில் ‘சூடா’ என்று விழுந்தது. இரண்டும் பொருத்தம்தான்.

கணக்கு இதுதான்: அந்தச் சோதனையில் இஞ்சின் உடனே செத்தால் கிளட்ச் உயிரோடு இருக்கிறது. இஞ்சின் உயிரோடு இருந்தால் கிளட்ச் செத்துவிட்டது. அடிக்கடி செய்து பார்க்கவும் கூடாது. மிச்ச உயிரும் போய்விடும்.

பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். ஃப்ளைவீலுக்கும் கவருக்கும் நடுவில், இரண்டு தட்டுக்கு நடுவே அமுக்கிவைத்த ரொட்டி சானாய் மாதிரி, ஒரு டிஸ்க். ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடித்தால்தான் இஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். பெடலில் காலை வைத்தால், லேசாக வைத்தாலும், அந்தப் பிடி தளரும். டிஸ்க் வழுக்கும், உரசும், சூடாகும், தேயும். தேய்ந்த டிஸ்க் ஓர் ஆளைச் சுமக்கும். நாலு பேர், டுரியான், மேடு, மேல் கியர் எல்லாம் சேர்ந்தால் கையை விரித்துவிடும். அத்தை ஏறினால் வண்டி உறுமிய மர்மம் இவ்வளவுதான்.

கேபிளில் தளர்ச்சி இல்லாமல் இறுகிப்போனாலும் இப்படி வழுக்கும். அதை முறுக்கிச் சரிசெய்துவிடலாம். ஆயில் சீல் கசிந்து டிஸ்க்கில் எண்ணெய் பட்டாலும் வழுக்கும். அப்போது சீலையும் மாற்ற வேண்டும். என் வண்டியில் இந்த இரண்டும் இல்லை. குற்றவாளி என் இடது கால்தான். கியர்பாக்ஸை இறக்கும் கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால் டிஸ்க், கவர், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். கூலியோடு நானூற்றுச் சொச்சம் வெள்ளி.

பணத்தை எண்ணும்போது அத்தை மெதுவாகச் சொன்னார்: “காலை அங்கேயே வச்சிருந்தா அது என்ன பண்ணும் மாப்பிள்ளை? உங்க மாமா எஸ்டேட்ல லோரி ஓட்டினவரு. மிதிக்காத நேரம் அவரு காலு தரையிலதான் இருக்கும்.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை!”

“மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கறது மரியாதையா இருக்காதேன்னுதான்…”

நான் அவருக்குக் கொடுத்த மரியாதையும் அவர் எனக்குக் கொடுத்த மரியாதையும் சேர்ந்து ஒரு கிளட்சைத் தின்றுவிட்டன. உங்கள் வண்டியும் சத்தம் போட்டுவிட்டு ஓடாமல் நின்றால், மேட்டையும் டுரியானையும் குறை சொல்லாதீர்கள். குனிந்து உங்கள் இடது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

என் கால் இப்போது தரையில் இருக்கிறது. அத்தை இன்னமும் முன் இருக்கையில்தான் வருகிறார். சாலையைப் பார்ப்பதில்லை, என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்.