யுகுலேலேயும் எதிர்ச்சாரி நடைபாதையும்: ஒரு விசாரணை

2020-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆந் தேதி, கொரோனாத் தொற்றை முன்னிட்டு, அத்தியாவசியக் காரியமின்றி எவரும் வீட்டைவிட்டு வெளியேறலாகாதெனக் கலிபோர்னியா மாகாணத்துக் கவர்னர் உத்தரவிட்டதற்கும், அம்மாகாணத்துக் குடும்பஸ்தர் சிலர் ஆணியில் தூசு படிந்து தொங்கிய யுகுலேலேயைத் துடைத்தெடுத்துக்கொண்டு, அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் கேட்க, வாசற்படியில் வந்தமர்ந்ததற்கும் காரணகாரிய சம்பந்தம் உண்டென்பது வெளிப்படை. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் விசாரணைக்குரிய விஷயம். வாத்தியம் வாசிப்பவர்கள் இக்கேள்வியை எழுப்ப விரும்பாததனாலேயே ஆராய்ச்சி இதுகாறும் பின்தங்கிவிட்டது.

முதலில் வாத்திய இலட்சணம். 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து போர்த்துகீசியக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு சேர்ந்த ராவன்ஸ்கிராக் என்னும் கப்பலில் வந்த தச்சர் மூவர், தம் நாட்டுச் சிறு நரம்பு வாத்தியத்தை ஹவாய் மரத்தில் இழைக்கத் தொடங்கினர். மன்னர் கலாகவுவா ஆதரித்தார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த மகா பொருட்காட்சியின் வாயிலாக அமெரிக்கா முழுவதும் அதன்மேல் மோகங் கொண்டது. நான்கே தந்திகள். எதையும் அழுத்தாமல் நான்கையும் ஒருசேர மீட்டினாலும் காதுக்கு இதமான ஒரு சுரக்கூட்டே பிறக்கும்; ஸி மேஜருக்கு ஒரு விரல் போதும், எஃப்புக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. பெரும்பாலோரின் சங்கீத யாத்திரை இந்த மூன்றாவது விரலில்தான் நின்றுவிடுகிறது.

இவ்வாத்தியத்தின் அடக்கத்துக்கும் சாஸ்திரீயமான ஹேது உண்டு. சுவரை ஊடுருவிச் சென்று அயலாரின் நித்திரையைக் கலைப்பவை பெரும்பாலும் மந்தர நாதங்களே. அவற்றை எழுப்பத்தக்க தந்தி யுகுலேலேயில் இல்லை. மேலும், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையுமாதலால், 6 அடியில் கேட்பவரைவிட 24 அடியில் கேட்பவர் 12 டெசிபெல் அளவுக்கு அதிர்ஷ்டசாலி. டிரம்பெட் ஊதுபவருக்கு இச்சமாதானங்களில் ஒன்றும் பொருந்தாது. அவர் இக்கட்டுரைக்குப் புறம்பானவர்.

இனி மூலப்பிரச்சினை. ஒருவருக்கொருவர் 6 அடி விலகியிருக்க வேண்டுமென்பது அந்நாளைய விதி. நடைபாதைகளோ பெரும்பாலும் அந்த அகலமும் இல்லாதவை. ஆகவே எதிரே ஆளைக் கண்டதும் தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குச் செல்வது, முன்னாளில் அவமதிப்பாயிருந்தது போய், மரியாதையின் உச்சமாகிவிட்டது. யுகுலேலே வித்வானை நெருங்குகையில் ஒருவர் எதிர்ச்சாரிக்கு மாறினால், அவர் தொற்றுக்கு அஞ்சினாரா, நாதத்துக்கு அஞ்சினாரா? புகையைக் கண்டு நெருப்பை அநுமானிக்கும் நம் தார்க்கிகருக்கும் இங்கே வழியில்லை. ஒரே புகைக்கு இரண்டு அடுப்புகள். இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்த அரசாங்கமும் அரைகுறை வித்வான்களுக்குச் செய்ததில்லை என்பது என் சித்தாந்தம்.

படியில் அமர்ந்தவருக்கும் நடைபாதைக்கும் இடையே புல்தரை கிடப்பதால் 6 அடி விதி முன்னமே நிறைவேறிவிட்டதே, பின்னும் கடந்து போனவர் சங்கீதத்துக்குத்தானே அஞ்சினார் என்பது பூர்வபட்சம். அளவுகோலைத் தூக்கிக்கொண்டு எவரும் உலாவப் போவதில்லையாதலால் இது தள்ளத்தக்கது.

நின்று கேட்டவர்களும் உண்டே எனின், அவர்களுள் கணிசமானோர் நாயோடு வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கச்சேரி எவ்வளவு நேரம் என்பதை நிச்சயித்தது நாய். மரத்தடியில் அதற்கு முகர வேண்டியது மிச்சமிருக்கும்வரை எஜமானர் ரசிகராயிருந்தார். அது வாரை இழுத்ததும் புன்னகையோடு கையசைத்துப் போய்விட்டார். முகக்கவசம் வந்தபின் புன்னகையும் அநுமானப் பிரமாணமாயிற்று. கண்ணோரச் சுருக்கத்தைக் கொண்டு அதை ஊகித்த வித்வான்கள், சூரியன் எத்திசையிலிருந்தது என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

2021 ஜூன் 15-ஆந் தேதி கலிபோர்னியா இடைவெளி விதியை நீக்கிற்று. அதன்பின் எதிர்ச்சாரிக்கு மாறியவருக்கு வேறு முகாந்தரம் சொல்ல இடமில்லாமற் போனமையால், வித்வான் செய்யத்தக்கது ஜி செவனின் மூன்று விரல்களையும் ஒருசேர வைக்கப் பழகுவது ஒன்றே. படியோரத்தில் ஒரு பிஸ்கோத்தை வைத்து நாயை நிறுத்துவது அதனினும் எளிதென்று கருதுவோரும் உளர்.