பின்சக்கரத்துக்கு ஒரு கல்

பழைய கார் என்றதும் ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் பாலிஷ் போட்டு நிற்கும் வண்டி உங்கள் கண்முன் வந்தால், நீங்கள் நம் கட்சி இல்லை. அந்தக் கார்களில் பலவற்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இறக்கி, துடைத்து, பட்டு வேட்டி கட்டிய ஒருவரை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்து, மறுபடி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள். கார் லாரியில் ஊர் சுற்றுவதைப் பார்க்க நான் எதற்கு விடிகாலையில் எழுந்து குளிக்க வேண்டும்?

நான் பார்ப்பது, இன்னும் வேலைக்குப் போகிற கிழங்களை. ரேஷன் கடை வாசலில் நிற்கும் பியட், பேரனை டியூஷனில் இறக்கிவிட்டு வரும் அம்பாசிடர், மாவு மில்லுக்குப் போய்வரும் ஹெரால்டு. பெயின்ட் உரிந்திருக்க வேண்டும், பம்பர் கொஞ்சம் கோணியிருக்க வேண்டும், பின்சீட்டில் காய்கறிப் பை இருக்க வேண்டும். அப்படி ஒன்று எதிரே வந்தால் நான் நடுத்தெருவில் நின்றுவிடுவேன். கூட வருகிறவர்கள் நாலு கடை தள்ளிப் போன பிறகுதான் ஆளைக் காணோம் என்று தேடுவார்கள். என் மனைவி தேடுவதையும் நிறுத்திவிட்டார். "வண்டி போனதும் வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து ஜவுளிக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். இந்தப் பழக்கத்தால் எங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட நஷ்டமெல்லாம் ஜவுளிக் கணக்கில்தான் வரும்.

இவற்றைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. முதலாவது நம்பர் பிளேட். புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் 'டிஎன்' போட்டு, பக்கத்தில் ஆர்.டி.ஓ. எண் போட்டு எழுதும் வழக்கம். அதற்கு முந்தைய வண்டிக்கு மூன்று எழுத்து, நாலு எண், விஷயம் முடிந்தது.

இரண்டாவது அடையாளம் கல். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இந்த வண்டிகளில் உண்டு. இழுத்தால் 'கர்ர்' என்று சத்தம் வரும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஆகவே வண்டி நின்றதும் டிக்கியிலிருந்து ஒரு கல் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும். எங்கள் தெரு பியட்டுக்கு வாய்த்த கல், வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியதில் ஒரு பக்கம் டயரின் வளைவுக்குத் தேய்ந்தே போய்விட்டது. சொந்தக்காரர் வண்டியைக்கூட இரவல் கொடுப்பார். கல்லைக் கொடுக்கமாட்டார்.

மூன்றாவது அடையாளம் தண்ணீர் பாட்டிலும் ஈரத் துணியும். கத்திரி வெயிலில் கோடம்பாக்கம் பாலத்தின் மேல் அந்த பியட் நின்றுபோன நாளில் நான் பின்னால் ஆட்டோவில் இருந்தேன். பெரியவர் பதறவில்லை. இறங்கினார், கல்லை வைத்தார், பானெட்டைத் தூக்கினார். இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கும். சூடு ஏறினால் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் காற்றைத் தள்ளிக்கொண்டு சும்மா கிடக்கும். 'ஏர் லாக்' என்பார்கள். மருந்து, பம்பின்மேல் ஈரத் துணி. அவர் துணியை நனைத்துச் சுற்றி, அது ஆறும் வரை குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். குடை அவருக்கில்லை, பம்புக்கு. பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம், "ரெண்டு நிமிஷம் தம்பி, அதுக்கும் வெயில்தானே?" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஆட்டோக்காரரே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஜாதகம் பார்த்தால் இந்த வண்டிகள் எல்லாமே மறுவாழ்வு பெற்றவை. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ் 1956-இல் வந்தது, 1959-இல் நின்றது. வெள்ளைக்காரர் மூன்றே வருஷத்தில் அலுத்துப்போன அந்தக் காரைத்தான் நாம் அம்பாசிடர் என்று பெயர் சூட்டி, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை அலுக்காமல் செய்துகொண்டிருந்தோம். இத்தாலியின் பியட் 1100, பம்பாயில் பிரீமியர் பத்மினியாகி 2000 வாக்கில்தான் ஓய்ந்தது. மூன்றாவதான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்மூர்ப் பிள்ளை. வண்டலூர் என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் சிங்கமும் புலியும்தான். அவை 1985-இல் குடிவந்தவை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்டு 1961-லேயே புறப்பட்டு ரோட்டுக்கு வந்துவிட்டது.

ஹெரால்டின் பானெட்டைத் திறப்பது ஒரு காட்சி. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு முன்பக்கம் முழுவதும் எழுந்து முன்னோக்கிச் சாயும். எஞ்சின் மூன்று பக்கமும் வெட்டவெளி. நான் பார்த்த மெக்கானிக், முன்டயரின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் டீ கிளாஸ் என்று கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு நாற்காலி போட்டு உபசரித்த கார் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதே ஹெரால்டுக்கு டெயில் லைட் கண்ணாடி தேடிச் சொந்தக்காரர் புதுப்பேட்டைக்குப் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன். அங்குள்ள கடைகளில் உரித்த வண்டிகளின் உறுப்பு எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது ஐதீகம். கடைக்காரர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எந்த வண்டிக்கு?" என்றார். "ஹெரால்டு." அவர் எழுந்து நின்றுவிட்டார். "அது இன்னும் இருக்குதா சார்?" என்று துக்க வீட்டுக் குரலில் கேட்டவர், உள்ளே போய்த் தேடி, வேறு ஏதோ வண்டியின் கண்ணாடியைக் கொண்டுவந்தார். "அரம் போட்டு ராவினா உக்காந்துரும்." உட்கார்ந்தும்விட்டது. இப்போது அந்த வண்டி வலது பக்கம் 1960-களிலும் இடது பக்கம் 1990-களிலும் பிரேக் லைட் போடுகிறது.

திருட்டு பயம் மட்டும் இந்தக் கார்களில் பியட்டுக்கும் அம்பாசிடருக்கும் கிடையாது. கியர் ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ரகசியம் நாற்பது வயதுக்குக் கீழே பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் வேலட் பார்க்கிங் பையன் சாவியை வாங்கிக்கொண்டு அம்பாசிடருக்குள் ஏறினான். தரையில் தேடினான், சீட்டுக்கு அடியில் தேடினான். இறங்கி வந்து பயபக்தியோடு, "சார், கியரைக் காணோம். நான் எடுக்கல" என்றான். காரின் சொந்தக்காரர் முகூர்த்தத்தை விட்டுவிட்டுத் தானே போய் நிறுத்திவிட்டு வந்தார்.

இப்போது இந்த வண்டிக்காரர்களுக்கு எத்தனால் கவலை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் ஊறிக் கெட்டுப்போகின்றன. புலம்புகிறவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தை நினைவுபடுத்துவேன். 1990-களில் பொருளாதாரத் தடையால் அங்கே பெட்ரோல் வராமல் போனபோது, சில சொட்டுப் பெட்ரோலில் உயிர் கொடுத்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். அம்பாசிடரின் பங்காளிகளான ஆஸ்டின்களும் மோரிஸ்களும் அதையும் குடித்து, கொஞ்சம் இருமிவிட்டு, பிழைத்துக் கிடந்தன. அந்த வம்சத்தில் பிறந்தது கரும்புச் சாராயத்துக்கா பயப்படும்?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: மரியாதை. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வயது தாண்டி, சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருந்தால் அந்தப் பட்டம் கிடைக்கும். நம்பரில் 'விஏ' என்று இரண்டு எழுத்தும் சேரும். ஆனால் பட்டம் வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சிக்குப் போகலாம். ரிப்பேருக்கும் பெட்ரோல் போடவும் போகலாம். கத்தரிக்காய் வாங்கப் போகக் கூடாது. தாத்தாவுக்குப் பொன்னாடை போர்த்தி, அதோடு வாசல் கதவையும் பூட்டிவிடுவது போன்ற ஏற்பாடு. போட்ட பெட்ரோலில் எங்கே போவது என்று யோசித்தால், அடுத்த தடவை பெட்ரோல் போடப் போகலாம்.

பட்டம் வேண்டாம் என்கிறவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. அதன் பிறகும் அது இறங்கி வரவில்லை. ஆனாலும் கட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த பெரியவர் கணக்கு எளிமையானது: "புதுக் கார் வாங்கினா மாசா மாசம் தவணை. இது அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதானே திட்டு வாங்குது?"

சட்டத்துக்கு அடுத்தபடி ஆபத்தானவர்கள், பாராட்டுகிறவர்கள். எங்கள் பக்கத்துச் சமையல் காண்ட்ராக்டரிடம் ஒரு டீசல் அம்பாசிடர் இருந்தது. முகூர்த்த நாளில் அதன் டிக்கி மூடியதே இல்லை. மூன்று அண்டாவும் கரண்டிகளும் கயிற்றில் கட்டுண்டு வெளியே எட்டிப் பார்க்கும். முன்சீட்டில் நாலு பேர், பின்சீட்டில் ஆறு பேர், அவர்கள் மடியில் வாழையிலைக் கட்டு. ஒருநாள் கேமராவோடு வந்த பையன் ஒருவன், "அண்ணே, இது கிளாசிக்ணே. இதுல போய் சாம்பார் அண்டாவை ஏத்துறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வினை முடிந்தது. மறுமாதம் அண்டாக்களைத் தூக்க ஒரு குட்டியானை வந்தது. அம்பாசிடருக்கு உறை வந்தது. காண்ட்ராக்டர் விசாரிக்கிறவர்களிடமெல்லாம் லட்சத்தில் விலை சொல்ல ஆரம்பித்தார்; விசாரிக்கிறவர்கள் நின்றுபோனார்கள். பேட்டரி இறங்கியது. எலி குடும்பத்தோடு வந்து வயரிங்கைத் தின்றது. சாம்பார் சிந்திய காலத்தில் ஒருநாளும் படுக்காத வண்டி, கௌரவம் வந்த வருஷத்திலேயே படுத்துவிட்டது.

ஆகவே தமிழ்ப் பெருமக்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: இந்த வண்டிகளில் ஒன்று கீரைக்கட்டோடு எதிரே வந்தால், அருமை பெருமை எதையும் சொந்தக்காரர் காதில் போட்டுவிடாதீர்கள். "இன்னும் இதையா வெச்சிருக்கீங்க?" என்று அலட்சியமாகக் கேளுங்கள், அந்த ரோஷத்திலேயே இன்னும் பத்து வருஷம் ஓட்டுவார். கேட்கிறபோது மட்டும் நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். அவர் மிதித்துவிடுவார், வண்டிதான் சற்று யோசிக்கும்.