கையுறையைக் கழற்றாமல் படம் பார்க்கலாமா?

கேள்வி: பழைய நோக்கியா என்900 போன் வைத்திருக்கிறேன். லினக்ஸ், படம் ஓட்டும் எம்ப்ளேயர் மென்பொருள் எல்லாம் உண்டு. வத்தலக்குண்டு பஸ்ஸில் படம் பார்த்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. கொடைக்கானல் குளிரில் கையுறையைக் கழற்றிச் சத்தம் குறைக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகர், பூம்பாறை

பதில்: கையுறையைக் கழற்றவே வேண்டாம்! 2009-இல் வந்த அந்தக் கருவியின் திரை, அழுத்தம் உணரும் ரகம். கம்பளி விரலும் அதற்கு விரல்தான். இன்றைய போன்கள் பலவற்றுக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது.

திக்குவதற்கு மலைப்பாதை காரணமில்லை. 600 மெகாஹெர்ட்ஸ் சிப்பின் தலையில் ஹெச்டி படத்தை ஏற்றினால், மூட்டை சுமந்து பெருமாள்மலை ஏறுகிறவர் போல அதற்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். திரையே 800க்கு 480 புள்ளிதான்; படத்தை வீட்டுக் கணினியில் அந்த அளவுக்குச் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். அப்படியும் பின்தங்கினால், எம்ப்ளேயர் அமைப்புக் கோப்பில் 'ஃப்ரேம்டிராப்' வசதியை இயக்குங்கள். சில காட்சித் துணுக்குகளை விட்டுவிட்டு, ஒலியோடு சேர்ந்து ஓடிவரும்.

எம்ப்ளேயரில் சத்தம் குறைக்க 9, கூட்ட 0. உங்கள் கீபோர்டில் எண்களுக்கு இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கையுறையோடு அது சர்க்கஸ். புள்ளியில் தொடங்கும் எம்ப்ளேயர் ஃபோல்டரில் 'இன்புட்' கோப்பைத் திறந்து, 'கே' எழுத்துக்கு நேரே 'வால்யூம் 1', 'எல்' எழுத்துக்கு நேரே 'வால்யூம் -1' என்று ஆங்கிலத்தில் எழுதிச் சேமியுங்கள். இனி ஒரே தட்டு.

படம் பார்க்காத நேரத்தில் போனை ஸ்வெட்டரின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரியும் சுருண்டு படுத்துவிடும்.