இலவச சர்வீஸ், இனாம் பில்

கேள்வி: 'ஃப்ரீ சர்வீஸ்' என்று கூப்பிட்டார்களே என்று ஷோரூமில் காரை விட்டேன். சாயங்காலம் 9,400 ரூபாய்க்கு பில் நீட்டுகிறார்கள். இது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இலவசம் என்பது பெரும்பாலும் கூலிக்கு மட்டும்தான். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டருக்கெல்லாம் காசு உண்டு. கல்யாண வீடு மாதிரி: சாப்பாடு இலவசம், மொய் தனி!

ஆனாலும் பில்லை வரி விடாமல் படியுங்கள். 'எஞ்சின் ஃப்ளஷ்', 'ஏசி கிருமி நீக்கம்', 'அண்டர்பாடி கோட்டிங்' என்று நீங்கள் கேட்காத வைத்தியமெல்லாம் வண்டிக்கு நடந்திருக்கலாம். எத்தனை கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை, காரோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது பெரும்பாலும் சர்வீஸ் அட்வைசரின் ஆசை. அந்த ஆசைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுவது நீங்கள்தான்.

அடுத்த முறை, ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் உத்தேசச் செலவை எழுதி வாங்குங்கள். 'என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை கூடாது' என்று அதிலேயே எழுதுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தாலே பல பாகங்களுக்கு ஆயுள் கூடிவிடும்!

சொல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கேட்டால், மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. நிஜமான இலவச சர்வீஸ் அதுதான்!