யார் தோளுக்கு இந்த மெஷின்?

எங்கள் தோப்பில் சருகுக்கு ஒரு காலத்தில் போட்டி இருந்தது. தை முடியுமுன்பே தேக்கு மொட்டையாகிவிடும். மாசி பிறந்தால் புங்கும் வேம்பும் கொட்டத் தொடங்கும். ஊர்ப் பெண்கள் கடவமும் சாக்குமாகச் சருகு அரிக்க வருவார்கள். ஒருத்திக்கு நெல் அவிக்கிற அடுப்புக்கு வேண்டும், இன்னொருத்திக்குப் பானை சுடுகிற சூளைக்கு. பலா இலை மட்டும் ஆடு வளர்ப்பவர்களுக்கு. அதில் வேறு யாரும் கைவைக்க ஆச்சி விடமாட்டாள். "அரிச்சது போதும்ளா, மரத்து மூட்டுல கொஞ்சம் கெடக்கட்டும்" என்று சத்தம் போடுவாள். மரத்தடியில் சருகு மூடிக்கிடந்தால் கோடையிலும் மண்ணில் ஈரம் நிற்கும் என்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

இன்று நெல் மில்லில் அவிகிறது, வீட்டில் கேஸ் எரிகிறது, சூளையும் இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் சருகை அள்ள ஆள் வருவதில்லை. பங்குனி வெயிலில் வேலியோரம் கணுக்கால் புதையக் கிடக்கும் அந்தக் குவியலுக்கு, ரோட்டில் போகிறவர் வீசும் ஒரு பீடித்துண்டு போதும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியும். கோடைக்கு முன் காட்டுக்குள் வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடுவது இதற்காகத்தான். அப்பாவுக்குப் பிறகு தோப்பு என் பொறுப்புக்கு வந்ததும், சருகை ஊதித் தள்ளும், பெட்ரோலில் ஓடும் ப்ளோயர் ஒன்று வாங்குவதென்று தென்காசியிலும் திருநெல்வேலியிலும் கடைகடையாக ஏறி இறங்கினேன்.

எல்லாக் கடையிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை சிசி பார்க்கிய அண்ணாச்சி?" யார் தூக்கப்போகிறார் என்று எந்தக் கடையிலும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரியவேண்டிய சங்கதி. காரணம், எங்கள் வீட்டு முற்றத்தைத் தூத்த அத்தை.

தென்னை ஈர்க்கைச் சேர்த்து அடியில் கயிறு இறுக்கிய வாரியல் அவள் கையில் இருக்கும். நீளம் முழங்கைக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வலது கை பெருக்கும். இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கி இடுப்பைப் பிடித்திருக்கும். முற்றத்தின் ஒரு மூலையில் குனிந்தால் மறு மூலையில்தான் நிமிர்வாள், அதுவும் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு. தெருக்கூட்டுகிறவர்கள் கையில் நீளக் கம்பு கட்டிய வாரியல் அப்போதே உண்டு. இத்தனை பேர் இருந்த வீட்டில் அவளுக்கு ஒரு கம்பு கட்டிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசிக் காலத்தில் அவள் படுக்கும்போதுகூட முதுகு நிமிரவில்லை. ஒரு கருவி மனித உடம்பை என்ன செய்யும் என்று எனக்குக் காட்டியது அந்த முதுகுதான்.

ப்ளோயரைக் கையில் எடுத்தபோதும் இதுதான் மனதில் ஓடியது. கையில் பிடிக்கிற ரகம் 25 முதல் 28 சிசி வரை, எடை 4, 5 கிலோ. வீட்டைச் சுற்றி ஓட்ட அது போதும். ஏக்கர் கணக்கில் பிடித்து நடந்தால் மணிக்கட்டு மரத்துப்போகும். முதுகில் மாட்டுகிற ரகம் 50 சிசிக்கு மேல், 10 கிலோவை ஒட்டி வரும். எடை கூடுதல்தான், ஆனால் பட்டை அகலமாக இருந்து, இடுப்பிலும் வார் கட்டினால் பாரம் தோளில் மட்டும் நிற்காது. அதனால் தோப்பில் வேலைபார்க்கும் தம்பியைக் கடைக்கே கூட்டிப்போய், மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் குட்டையானவர். பெரிய மெஷினின் அடிச்சட்டம் இடுப்பெலும்பில் இடித்தது. "இது ஆகாதுண்ணே" என்றார். அதோடு அதை விட்டோம்.

காற்றின் கணக்கு இரண்டு. மணிக்கு இத்தனை கன மீட்டர் என்பது அளவு. இத்தனை கிலோமீட்டர் என்பது வேகம். காய்ந்த சருகை மொத்தமாக நகர்த்த அளவு வேண்டும். குற்றாலத்தில் சாரல் பிடித்தால் ஆனி, ஆடியில் எங்கள் பக்கத்து இலையெல்லாம் நனைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பெயர்க்க வேகம் வேண்டும். தட்டையான மூக்கு ஒன்றைக் கூடவே வாங்கினால் அந்தக் குறை பாதி தீரும். அதற்காக எஞ்சினைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

பேட்டரி ரகத்தையும் பார்த்தேன். சத்தமும் புகையும் குறைவு. வீட்டு முற்றம் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். தோப்பின் மறு கோடியில் சார்ஜ் போட வழியில்லாததால் பெட்ரோலுக்கு வந்தேன், மனமில்லாமல். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் குடிக்கிற எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுகிறது. வேலைக்குப் பயன்படும் ப்ளோயர் ஒரு மணி நேரத்தில் விடும் புகைமூட்ட மாசு, ஒரு கார் ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர் ஓடி விடுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. சென்னைக்கும் தென்காசிக்கும் மூன்று நடை! அந்த மாநிலம் 2021இல் சட்டம் போட்டு, 2024 முதல் இத்தகைய புதிய எஞ்சின்களுக்குக் கதவடைத்தது.

எரிபொருளில் இன்னொரு சிக்கல். இந்த மெஷின்களின் கையேடு பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் நின்றால் கார்புரேட்டர் அடைக்கும், ரப்பர்க் குழாய் கெடும். எனவே அன்றைக்குத் தேவையானதை மட்டும், கையேட்டில் சொன்னபடி லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் விட்டுக் கலக்குகிறோம். வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறோம்.

காது விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒருவர் 8 மணி நேரம் தாங்கலாம், 3 டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகும் என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம். பெட்ரோல் ப்ளோயர் ஓட்டுபவரின் காதருகே 100 டெசிபல் வரை போகும். கணக்குப்படி 15 நிமிடம். அத்தைக்கு முதுகு போனது போல இவருக்குக் காது போகக் கூடாது. காதுக்கவசம், கண்ணாடி, முகமூடி மூன்றையும் மெஷினுக்கு முன்பே வாங்கினேன்.

நடுத்தர எஞ்சினாக ஒன்று எடுத்தோம். ஓட்டுவது வேலியோரம், நடைபாதை, களம் ஆகிய இடங்களில் மட்டும். மரத்து மூட்டுப் பக்கம் குழாயைத் திருப்புவதில்லை. நாள் முழுக்க இழுத்த வேலை முற்பகலிலேயே முடிகிறது. "அப்போ அரை நாள் கூலி போதுமே" என்றார் உறவுக்காரர் ஒருவர். முழு நாள் கூலிதான் கொடுக்கிறோம். மாதத்துக்கு மாதம் அது அப்படியே இருக்கும் என்று அந்தத் தம்பியிடம் வாக்கும் கொடுத்திருக்கிறேன்.