மாப்பிள்ளை புலே படிக்கிறார்

மாமனாரிடம் எனக்கு மரியாதை கூடியதற்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் காரணம். அந்தப் புண்ணியம் ராபர்ட் ஆஸ்ப்ரின் என்ற அமெரிக்க எழுத்தாளரைச் சேரும்.

1990-ல் அவர் ‘ஃபூல்ஸ் கம்பெனி’ என்று ஒரு விண்வெளிப் பட்டாள நாவல் எழுதினார். கதாநாயகன் பெயர் வில்லார்ட் ஃபூல். காதுக்கு முட்டாள், கண்ணுக்குக் கனவான். அப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகவே பி, ஹெச், யு, எல், இ என்று எழுத்துக்கூட்டினார். நம்மூரில் யார் அதைப் பார்த்தாலும் ‘புலே’ என்றுதான் வாசிப்பார்கள் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது?

பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபூல் ஓர் ஆயுதத் தொழிலதிபரின் மகன், கோடீஸ்வரன். ‘ஸ்பேஸ் லீஜியன்’ என்ற ஏழைப் படையில் அதிகாரியாக இருக்கிறான். சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம் பார்த்து அந்த இடத்தின் மேலேயே சுடச் சொல்லி உத்தரவிட்டுவிடுகிறான். மேலிடம் அவனுக்குக் கொடுக்கும் தண்டனை, பதவி உயர்வு. கேப்டனாக்கி, உதவாக்கரைகளை எல்லாம் கொட்டி வைத்திருக்கும் ஒமேகா கம்பெனிக்குத் தலைவனாக்கி, சதுப்பு நிலச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் காவலாக ஹாஸ்கின்ஸ் கிரகத்துக்கு அனுப்பிவிடுகிறது. இதில் கற்பனை எங்கே என்று எனக்குப் புரியவில்லை. இப்படிப் பதவி உயர்வு பெற்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவருக்குத்தான் சவரம் செய்கிறேன்.

புத்தகத்தின் முதுகு பிளந்திருந்தது. அட்டையோ விண்வெளிப் பட்டாளக் கதையின் அட்டை. 50 வயதுக்காரன் ரயிலில் கையில் வைத்துக்கொள்ளும் லட்சணத்தில் இல்லை. ஜூன் மாதம் பள்ளி நோட்டுக்குப் போட்டது போக மீந்த பிரவுன் ஷீட்டில் மகள் அட்டை போட்டுக் கொடுத்தாள். லேபிளும் ஒட்டினாள். பெயர்: அப்பா. வகுப்பு: காலியிடம். பாடம் என்ற இடத்தில் புத்தகத்தின் பெயரை அழகாக ஆங்கிலத்தில் எழுதினாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு தங்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாடம் சரித்திரம். திருமணமாகி 20 வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு இன்லாண்ட் லெட்டரில் அடங்கும். அன்று கூடத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடி போடாமல் லேபிளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“புலே... கம்பெனி... அடேயப்பா! கம்பெனி ஆட்சிக் காலத்துப் புலேயைப் பத்தியா? 1827-ல பிறந்தவரு. நல்ல தலைப்பு மாப்பிள்ளை. இதெல்லாம் இப்ப யாரு படிக்கா?”

நான் வாயைத் திறந்தேன். மூடிவிட்டேன். 20 வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் பெயரில் கிடைத்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல, நான் அவ்வளவு நேர்மையானவனும் இல்லை. அன்று முதல் நான் படிக்க உட்கார்ந்தால் டிவி சத்தம் குறையும். “சத்தம் போடாதீங்க, அவர் படிக்கிறார்” என்று பேரனை அடக்குவார். நானோ அட்டைக்கு உள்ளே, ஓடில்லாத நத்தை ஒன்று சறுக்குப் பலகையில் ஏறி அணிவகுப்புக்குப் போவதைப் படித்துக்கொண்டிருப்பேன். சிரிப்பு வந்தால் இருமுவேன். இருமல் அதிகமானதும் மாமனார் மிளகுக் கஷாயம் வைக்கச் சொன்னார்.

அந்தக் கம்பெனியில் இருப்பவர்கள் எல்லாம் அப்படித்தான். டஸ்க்-அனினி என்று காட்டுப்பன்றி முகத்தோடு ஒரு வேற்றுக் கிரகவாசி. பார்த்தாலே பயம் வரும், ஆனால் ராத்திரி முழுக்கப் புத்தகம் படிப்பான். சூப்பர் நாட் என்று கொசு மாதிரி ஒரு பெண், எல்லாரோடும் சண்டை. இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்த்துவிடுகிறான் ஃபூல். ரோஸ் என்று ஒருத்தி, நேரில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கருவியில் பேசவிட்டால் கம்பெனியையே கலாய்ப்பாள். இந்த ரோஸை நான் ஏற்கெனவே அறிவேன். சாப்பாட்டு மேஜையில் “ம்” தவிர வேறு சொல் பேசாத என் மகள், வாட்ஸ்அப்பில் எழுதுவதைப் பார்த்தால் பட்டிமன்றத்துக்கே அனுப்பலாம்.

ஆஸ்ப்ரின் ராணுவத்தில் சில காலம் இருந்துவிட்டு, பல வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அவருடைய பட்டாளக் கதையில் குண்டுச் சத்தத்தைவிட பில் போடும் சத்தம் அதிகம். வீரர்களுக்கு ஊக்கம் இல்லையா? நல்ல ஓட்டலில் தங்க வை. தளர்ந்து போனார்களா? புதுச் சீருடை தைத்துக் கொடு. ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லையா? எல்லார் மணிக்கட்டிலும் தொலைபேசிக் கருவி. ஃபூலின் பையில் ‘டைலித்தியம் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு கார்டு இருக்கிறது. அதை நீட்டினால் கிரகமே வழிவிடும்.

படிக்கப் படிக்க, நம் வீட்டையும் இப்படி நிமிர்த்தலாமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. தலைமைப் பண்பு என்னிடம் இருந்தது. கார்டில்தான் தகராறு. அதை நீட்டினால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டச் சொல்லி எனக்கே குறுஞ்செய்தி வரும்.

ஆகவே செலவில்லாத பாடத்தை எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்கு ஒரு தடை ஓட்டம் உண்டு. தனித்தனியாக ஓடினால் நத்தை தாண்டாது, குள்ளன் ஏற மாட்டான். எல்லாரும் ஒரே கூட்டமாகப் போய், ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டு, கடைசி ஆள் தாண்டினால்தான் கணக்கு என்று ஃபூல் விதியையே மாற்றுகிறான். அபாரமான யோசனை. திங்கட்கிழமை காலை அதை அமல்படுத்தினேன். “இனிமேல் இந்த வீட்டில் யாரும் தனியாகக் கிளம்பக் கூடாது. எல்லாரும் தயாரான பிறகு ஒன்றாகப் படி இறங்குவோம்.”

ஒன்றாகத்தான் இறங்கினோம். மகன் ஒரு கால் ஷூவைத் தேடினான். மூன்று பேர் சேர்ந்து தேடினோம். மகள் தலை பின்னி முடிக்கும்வரை ஸ்கூல் வேன் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. மனைவிக்கு 8.12 ரயில் போனது. கடைசி ஆள் நான்தான். கைப்பேசியைக் குளியலறையில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். 260 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் நால்வரும் ஒரே அணியாகத் தாமதமாகப் போனோம்.

ஃபூலுக்கு பீக்கர் என்று ஒரு பட்லர் உண்டு. எஜமான் செய்கிற கூத்தை எல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைப்பார். எனக்கு அந்த வசதி இல்லை என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் பால் கணக்கு நோட்டைப் புரட்டினேன். ‘திங்கள்: பால் 1½, தயிர் 1. ஆட்டோ 260 (இவரால்).’ அடைப்புக்குறிக்குள் அவ்வளவு இலக்கியம் அடங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஃபூல் கதைத் தொடரில் மொத்தம் ஆறு நாவல்கள். இரண்டாவது 1992-ல் வந்தது, சூதாட்ட விடுதிக்குக் காவல் போகிற கதை. முதல் புத்தகம் அளவுக்கு இல்லை. மூன்றாவதற்கு வாசகர்கள் 1999 வரை காத்திருந்தார்கள். அதிலிருந்து பீட்டர் ஹெக் என்பவர் கூட்டு. ‘ஒரு ஃபூலும் அவன் பணமும்’ என்பதுதான் அந்த மூன்றாவதின் தலைப்பு. மனைவியிடம் அதை விளக்கினேன். “முட்டாளும் அவன் பணமும் சீக்கிரம் பிரிந்துவிடும்னு இங்கிலீஷ்ல ஒரு பழமொழி. அதை வச்சு...”

“அதுக்கு இங்கிலீஷ்காரன் எதுக்குங்க? நம்ம பாஸ்புக் போதாதா?”

இந்த நிலையில், ஏப்ரல் 11 புலே பிறந்தநாளுக்கு எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் பேசுகிறேன் என்று மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். “பத்து நிமிஷம் போதும். படிச்சதைச் சொல்லுங்க.” படித்ததைச் சொன்னால் பத்து நிமிஷத்தில் என்னைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

நான்கு ராத்திரி உட்கார்ந்து அசல் புலேயைப் படித்தேன். பேஷ்வாக்களுக்குப் பூ கொடுத்த குடும்பம், அதனால் அந்தப் பெயர். 1848-ல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி. ஆசிரியை கிடைக்காது என்று மனைவி சாவித்திரிபாயையே படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியது. 1868-ல் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டது. 1873-ல் சத்யசோதக் சமாஜம். படிக்கப் படிக்க எனக்கு இருமல் வரவில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தப் புலேயும் ஊருக்காகச் சொந்தக் காசை எடுத்தவர். இந்த ஃபூலும் அப்படியே. இரண்டு பேரையும் படித்த நான் சங்கத்துக்கு மூன்று மாதப் பராமரிப்புத் தொகை பாக்கி.

11-ம் தேதி பேசினேன். ஒரே ஓர் இடத்தில் “நம்ம கேப்டன்” என்று வாய் தவறியது. விஜயகாந்தைச் சொல்வதாக நினைத்து இரண்டு பேர் கைதட்டினார்கள். மாமனார் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம்.

வீட்டுக்கு வந்து அதை வாங்கிப் பார்த்தேன். காப்பிக் கறை படிந்த பழைய பிரவுன் அட்டை இல்லை. புது அட்டை, மூலைகள் மடிப்பு மாறாமல், தலைமையாசிரியர் கைவேலை. பழையதைக் கழற்றாமல் புதியது போட முடியாது. லேபிளில் முத்து முத்தாகத் தமிழில் எழுதியிருந்தது: ‘மகாத்மா புலே: வாழ்வும் பணியும்’.

அலமாரியைத் திறந்தேன். இரண்டாவது நாவலுக்கும் அதே அட்டை. ‘பாகம் 2’. 58-ம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு மருந்துச் சீட்டு, சர்க்கரை மாத்திரைக்கு. எனக்குச் சர்க்கரை கிடையாது.

கூடத்தில் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். கஷாயம் வைக்கச் சொன்னேன்.